ஊருக்குச் சேதி சொன்னவர் யார்? தண்டோரா முதல் வாட்ஸ்அப் வரை

இன்றைக்கு நாம பேசப்போறது எந்த ராஜாவைப் பற்றியும் இல்லை, போரைப் பற்றியும் இல்லை. ரொம்பச் சாதாரணமான ஒரு கேள்வி. பேப்பரும் போனும் இல்லாத காலத்துல, ஒரு கிராமத்துக்குள்ள ஒரு சேதி எப்படிப் போய்ச் சேர்ந்தது? நாளைக்கு மதகு திறக்கிறாங்க, வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டு, மேலத்தெருவில ஒரு சாவு, மலையில வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க... இதையெல்லாம் யார் யாருக்குச் சொன்னாங்க? கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா சேதி யார் கையில இருந்ததோ அவங்க கையிலதான் ஊரும் இருந்திருக்கு. அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல நம்ம பேச்சையே கொஞ்சம் கவனிங்க. ஒருத்தன் தன் பெருமையைத் தானே பேசினா, "தம்பட்டம் அடிக்கிறான்" என்கிறோம். ரகசியத்தை வெளியே விட்டுட்டா, "ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டியே" என்கிறோம். தமுக்கடிக்கிறது, டமாரம் அடிக்கிறது, பறை சாற்றுவது, எல்லாமே இப்படித்தான். தம்பட்டம், தமுக்கு, டமாரம், பறை எல்லாமே தோல் கருவிகள். அதாவது, ஊருக்கு ஒன்றைச் சொல்வது என்றாலே தமிழில் அது கொட்டு அடிப்பதுதான். "பறை" என்ற சொல்லுக்கே "சொல்" என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் "பறையுக" என்றால் சொல்வது. கருவி முதலில் வந்ததா, சொல் முதலில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கிடக்கு.

யானை மேல் இருந்து வந்த சேதி

இலக்கியத்தில் இதற்கு நல்ல சாட்சி மணிமேகலை. அதன் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை, அதாவது விழாவை அறிவிக்கும் பகுதி. புகார் நகரத்தில் 28 நாள் இந்திர விழா நடக்கப்போகுது. முரசை யானையின் கழுத்தில் ஏற்றி, பழைய குடியில் பிறந்த ஒருவர் அறிவிக்கிறார். வெறுமனே "திருவிழா வருது" என்று சொல்லிட்டுப் போகலை. தோரணம் கட்டுங்க, பூரண கும்பம் வைங்க, தெருவில் புது மணல் பரப்புங்க, பகையோடு இருக்கிறவங்களைப் பார்த்தா ஒதுங்கிப் போங்க என்று வரிசையாகச் சொல்றார். இன்றைய திருவிழா நோட்டீஸில் என்னவெல்லாம் இருக்குமோ, அத்தனையும் அதில் இருக்கு. கவனிக்க வேண்டியது, சேதி சொன்னவர் யானை மேல் இருந்தார்.

கல்வெட்டுக்கு வருவோம். உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படிச்சிருப்போம். முதலாம் பராந்தகன் காலம், 919 மற்றும் 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தாங்க. நான் இதை வேற கோணத்தில் பார்க்கச் சொல்றேன். அந்தக் கோயில் சுவர், ஊரின் நோட்டீஸ் போர்டும்தான். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று எல்லாரும் வந்துபோகிற இடத்தில் வெட்டி வச்சிருக்காங்க. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும். சபையைக் கொட்டு அடித்துக் கூட்டியதைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. சத்தம் எல்லார் காதிலும் விழுந்திருக்கும். உள்ளே போய் உட்காரும் உரிமை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

வெட்டியானும் கிராம முன்சீப்பும்

இப்போ பல நூற்றாண்டு தாண்டி, வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாணத்துக்கு வரலாம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நிர்வாக அடுக்கு இருந்தது. மேலே கிராம முன்சீப், கணக்கு எழுதக் கர்ணம், காவலுக்குத் தலையாரி, கடைசியில் வெட்டியான். வரி வசூல், ஏலம், ஜமாபந்தி, தடுப்பூசி என்று எந்த அரசாங்கச் சேதி வந்தாலும், முன்சீப் சொல்லுவார், வெட்டியான் தெருத்தெருவாக நடந்து கொட்டு அடிச்சுச் சொல்லணும். இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பறையர்கள், சில பகுதிகளில் அருந்ததியர்கள். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று பரம்பரையாகப் போன வேலை. கூலியாக மானிய நிலமோ களத்து நெல்லோ கிடைக்கும்.

இதுல ஒரு விநோதம் இருக்கு. ஊரில் எல்லாச் சேதியும் முதலில் தெரிந்தவர் அவர்தான். ஆனா அந்தச் சேதி எதையும் முடிவு செய்யும் இடத்தில் அவருக்கு இடமே கிடையாது. கோயில் திருவிழாவை அறிவிப்பார், கோயிலுக்குள் போக முடியாது. தண்ணீர் திறப்பதை அறிவிப்பார், ஊர்ப் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது.

சட்டமும் இந்தக் கொட்டை நம்பித்தான் இருந்தது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. கடனுக்காக ஒருவரின் நிலத்தை ஜப்தி செய்தால், அந்த இடத்திலோ பக்கத்திலோ கொட்டு அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று ஆணை 21, விதி 54 சொல்லுது. அதனால்தான் நம்ம ஊர்ல "வீட்டு முன்னாடி தண்டோரா போட்டுட்டாங்க" என்பது இவ்வளவு பெரிய அவமானமா இருந்தது. ஒரு குடும்பத்தின் கடன், அந்த ஒரு நிமிஷத்தில் ஊர்ச் சொத்தாகிடும்.

சாட்டும் கேதமும்

நல்லது கெட்டது இரண்டுக்கும் தனித்தனி முறை இருந்தது. கொங்குப் பக்கம் மாரியம்மன் திருவிழா தொடங்குவதைப் பூச்சாட்டு என்பாங்க. தெற்கே பொங்கல் சாட்டுதல் என்பாங்க. சாற்றுதல் என்றால் அறிவித்தல். அதுதான் பேச்சில் சாட்டு ஆச்சு. சாட்டு முடிந்து காப்பும் கட்டிட்டா, வெளியூர் போய் இரவு தங்கக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. அதனால் இந்த அறிவிப்பு எல்லார் காதிலும் விழுந்தே ஆகணும்.

சாவுச் சேதிக்குக் கொட்டு மட்டும் போதாது. சொந்தக்காரங்க பத்து ஊரில் இருப்பாங்க. கேதம் சொல்ல ஆள் அனுப்பணும். மதுரைக்குத் தெற்கே "கேதம்" என்பாங்க, மற்ற இடங்களில் "இழவு சொல்றது". இதற்கும் அதே மக்கள்தான் போனாங்க. ராத்திரியானாலும் மழையானாலும் நடந்தே போகணும். போன வீட்டில் சேதியைச் சொல்லிட்டு, வாசலுக்கு வெளியே நின்னு கொடுத்த காசையோ தானியத்தையோ வாங்கிட்டு அடுத்த ஊருக்கு நடக்கணும். என் தாத்தா காலத்து ஆட்கள்கிட்ட பேசும்போது ஒன்று கவனிச்சேன். யார் வீட்டுச் சாவுக்கு எத்தனை ஊர் ஜனம் வந்ததுன்னு துல்லியமாச் சொல்வாங்க. அத்தனை ஊருக்கும் நடந்து போய்ச் சொன்னவர் பேரைக் கேட்டா, பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

வேலைக்கு ஆள் எடுத்த கதை

இப்போ வேலைச் சேதிக்கு வருவோம். இதுதான் எனக்கு இந்த எபிசோடின் முக்கியமான பகுதி. திருவிழாச் சேதி ஊருக்கே பொதுவா வந்தது. வேலைச் சேதி அப்படி வரலை. அது ஒரு ஆள் மூலமாத்தான் வந்தது. அந்த ஆளுக்குப் பேர் கங்காணி.

இலங்கையில் முதலில் காப்பித் தோட்டம், 1870-களுக்குப் பிறகு தேயிலை. இரண்டுக்கும் ஆள் போனது திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் மாதிரியான தமிழ் மாவட்டங்களின் கிராமங்களில் இருந்து. தோட்டத்து முதலாளி வெள்ளைக்காரர். அவர் நம்ம கிராமத்துக்கு வரமாட்டார். முன்பணத்தைக் கொடுத்துக் கங்காணியை அனுப்புவார். கங்காணியும் பெரும்பாலும் தன் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோதான் போவார், தன் சொந்தபந்தத்தையும் தெரிந்தவர்களையும் கூட்டிட்டுப் போவார். பழைய கடனை அடைக்க, வழிச்செலவுக்கு என்று கொடுத்த பணம் எல்லாம் போகிறவர் கணக்கில் கடனாக ஏறும். தோட்டத்தில் தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அதற்குத் தகுந்த மாதிரி கங்காணிக்குத் தலைக்காசு.

அங்கே சம்பளம் என்ன, வேலை எத்தனை மணி நேரம், திரும்பி வர வழி என்ன என்பதை அறிய அந்த ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அந்த வாய்க்கோ ஆள் சேர்ந்தால் லாபம். 1876-78 பெரும் பஞ்சம் மாதிரியான காலத்தில், இதைச் சரிபார்க்கிற நிலையில் யாரும் இல்லை. தோட்டம் மாறணும்னாலும் சும்மா மாற முடியாது. "இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேணும். அதற்குத் துண்டு என்று பேர். அந்தத் துண்டு முறையை 1921-ல் இலங்கையில் சட்டம் போட்டுத் தடுத்தாங்க. அடுத்த வருஷம், 1922-ல், இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1939-ல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கை போவதையே தடை செய்தது. அதுவரை மூன்று தலைமுறைக்கு மேல், வேலைச் சேதி என்பது ஒரு மனிதரின் வாய்ச்சொல்தான்.

ரேடியோ, டீக்கடை, பஞ்சாயத்துப் பலகை

சுதந்திரத்துக்குப் பிறகு சேதிக்குப் புது வழிகள் திறந்தன. பஞ்சாயத்து ரேடியோ வந்தது, கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டினாங்க. அதன் பலத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சிகள் மூலமாத் தஞ்சாவூர்ப் பக்கம் அது அவ்வளவு வேகமாப் பரவினதால, விவசாயிகள் அதை "ரேடியோ நெல்" என்றே கூப்பிட்டாங்க. டீக்கடையில் ஒருத்தர் தினத்தந்தியைச் சத்தமாப் படிக்க, படிக்கத் தெரியாத பத்துப் பேர் கேட்பாங்க. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. முன்சீப், கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்தார். ஆனால் கொட்டு அடிக்க மட்டும் பல ஊர்களில் அதே தெருவுக்குத்தான் ஆள் அனுப்பினாங்க.

பெரிய மாற்றம் 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம். 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை என்று ஆறு மாவட்டம். அந்தச் சட்டப்படி வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 100 நாள் வேலை, கேட்ட 15 நாளைக்குள் கொடுக்கணும், இல்லாட்டி வேலையில்லாப் படி என்று இருந்தது. கணக்கைக் கிராம சபையில் வைத்துச் சரிபார்க்கணும். கங்காணி காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்பது முதல்முறையா ஊருக்கே தெரிய வேண்டிய பொதுச் சேதி ஆனது. நூறு நாள் வேலையைப் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு, அது வேற விவாதம். இந்த ஒரு மாற்றம் சின்னதில்லை.

கொட்டு நின்ற பிறகு

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு இது தேவையில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்க, மீறினால் நடவடிக்கை என்பதுதான் அதன் சாரம். சிலர் "பறை நம் கலையாச்சே, அதை ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டாங்க. இரண்டும் வேற வேற. மேடையில் விரும்பி அடிக்கிற பறை கலை. சாதியின் பேரால், வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தெருத்தெருவாக அடிக்க வச்சது ஏவல். நின்றது அந்த ஏவல்தான். என்னைக் கேட்டா, அது எப்பவோ நின்றிருக்கணும்.

ஆனால் அந்தக் கொட்டுக்கு ஒரு குணம் இருந்ததை மறக்க வேண்டாம். காது இருந்தால் போதும். எழுத்து தெரியணும்னு இல்லை, போன் வேணும்னு இல்லை. இன்றைக்குப் பல ஊர்களில் சேதி வாட்ஸ்அப் குரூப்பில் வருது. அந்தக் குரூப்பில் யாரைச் சேர்க்கணும், யாரை விடணும் என்பதை அட்மின் முடிவு செய்றார். போன் இல்லாத பாட்டிக்கும், குரூப்பில் இல்லாத தெருவுக்கும் சேதி வராது. சேதி மறுபடியும் ஒரு ஆள் கைக்குள்ள போகுது. கங்காணி கதையைக் கேட்ட பிறகு, இது எங்கே கொண்டுபோய் விடும்னு உங்களுக்கே புரியும்.

தமிழ்நாட்டில் இப்போ வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தக் கூட்டம் நடக்குதுன்னு எந்தெந்தத் தெருவுக்குச் சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்க?" அப்படியே, உங்க ஊரில் வயசானவங்க யாராவது இருந்தா, அந்தக் காலத்தில் கேதம் சொல்லப் போனவர் பேர் என்னன்னு கேட்டு எழுதி வைங்க. அவர் பேரன் பேத்திகள் உங்க ஊர்லயேதான் இருப்பாங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.