மூன்று அங்குலத் துணி



2017 ஏப்ரல் மாதம் நான் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை. தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, மகளும் மாப்பிள்ளையும் ஒரு கவுனை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல கருநீலம். தரையைத் தொடும் நீளம். யாரும் குறை சொல்ல முடியாத துணி. ஆனால் தோளில் ஒன்றுமே இல்லை. மார்புக்கு மேலே கவுன் முடிந்துவிடுகிறது.

"மீதிப் பாதியைக் கடையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"இங்க எல்லாப் பொண்ணுங்களும் இப்படித்தான் போடுறாங்க" என்றாள் மகள். சொன்னாளே தவிர, அவள் குரலிலும் உறுதி இல்லை.

கடைசியில் மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்களே சொல்லுங்க" என்றார். பேத்தியும் விடவில்லை. "பாட்டி, நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே? நீங்க சொன்னா அப்பா கேப்பார்."

"ஒரு வாரம் டைம் குடுங்க" என்று தப்பித்துக்கொண்டேன். ஒரு வாரமும் அந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்தேன். அதன் பிறகும் விடாமல் படித்துவந்தேன். அதன் சாரம்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்த "ப்ராம்" என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் நடன விருந்து. பையன்கள் கோட்டு சூட்டு, பெண்கள் நீண்ட கவுன், மணிக்கட்டில் பூ. 'ப்ராமனேட்' என்ற சொல்லின் சுருக்கம். விருந்தாளிகள் ஜோடி ஜோடியாக அரங்கில் நடந்து வருவதைக் குறிப்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டின் வடகிழக்குக் கல்லூரிகளில் தொடங்கி, 1920, 30களில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கி வந்தது. வசதியான வீட்டுப் பெண்களுக்கு நடந்த விருந்துகளைப் பார்த்து, நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும் என்று விரும்பின. ஆக, பெற்றோர் ஆசைப்பட்டு வளர்த்த வழக்கம்தான் இது. பிள்ளைகள் மரியாதையாக உடுத்தவும், நாலு பேர் முன் நடந்துகொள்ளவும் பழக வேண்டும் என்பது நோக்கம். சண்டையும் அதே காலத்தில்தான் ஆரம்பித்தது.

முதல் உலகப் போர்க் காலத்திலேயே பாவாடை கணுக்காலை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. பெரியவர்கள் பதறினார்கள். 1921 வாக்கில் யூட்டா மாநில சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. கணுக்காலுக்கு மேல் 3 அங்குலத்தைத் தாண்டிய பாவாடையோடு தெருவில் நடந்தால் அபராதம், சிறை. அதே சமயத்தில் வர்ஜினியா மாநிலத்தில் இன்னொரு மசோதா. மாலை விருந்து கவுனில் கழுத்துக்குக் கீழே 3 அங்குலத்துக்கு மேல் தெரியக் கூடாது. அங்கேயும் மூன்று, இங்கேயும் மூன்று. டேப்பு வைத்து அளக்கும் வேலையை யாரிடம் கொடுத்திருப்பார்களோ!

சிரித்துக்கொண்டே படித்து வந்த நான் அடுத்த வழக்கில் நின்றுவிட்டேன். ஆர்கன்சா மாநிலத்தில் நோபல் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள பள்ளி ஒரு விதி போட்டது. கால் தெரியும் மெல்லிய காலுறை, தாழ்ந்த கழுத்துள்ள உடை, முகப்பூச்சு எதுவும் கூடாது. பேர்ல் பக்ஸ்லி என்ற 18 வயதுப் பெண் முகத்தில் டால்கம் பவுடர் போட்டு வந்தாள். ஆசிரியர் ஒருவர் கழுவிவிட்டு வரச் சொன்னார். சில நாளில் மறுபடியும் போட்டு வந்தாள். பள்ளியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923ல் தீர்ப்பு. பள்ளியின் பக்கமே நியாயம் என்றார்கள். மாணவர்களின் இப்படிப்பட்ட மனக்குறைகளை விசாரிப்பதைவிட நீதிமன்றத்துக்கு முக்கியமான வேலைகள் உண்டு என்றும் சொன்னார்கள். நீதிபதிகளில் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. நம் ஊரில் குழந்தை பிறந்த வாரத்திலேயே பூசும் பவுடர், நண்பர்களே! அந்தப் பெண்ணின் படிப்பு அதில் சிக்கிக்கொண்டது.

இருபது ஆண்டு கழித்து நடந்ததைப் பாருங்கள். 1942ல் இரண்டாம் உலகப் போருக்காகத் துணியை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் போர் உற்பத்தி வாரியம் பெண்கள் உடைக்கு உத்தரவு போட்டது. பாவாடையின் நீளத்துக்கு, சுற்றளவுக்கு, விளிம்பு மடிப்புக்கு எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு. 1921ல் எந்தக் குட்டைப் பாவாடைக்குச் சிறை என்றார்களோ, அதைவிடக் குட்டையானது 1942ல் தேசபக்தி ஆகிவிட்டது.

போர் முடிந்தபின் வந்ததுதான் எங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணமான தோள் இல்லாத கவுன். அதற்கு முன்பே இருந்ததுதான் என்றாலும், 1946ல் வந்த 'கில்டா' படத்தில் ரீட்டா ஹேவொர்த் கறுப்பு கவுனில் ஆடிய பிறகு அது எல்லோர் கண்ணிலும் பதிந்துவிட்டது. அது எப்படிக் கீழே இறங்காமல் நிற்கிறது என்று உங்களைப் போலவே எனக்கும் சந்தேகம். உள்ளே விலா எலும்பு மாதிரி மெல்லிய பட்டைகளை வைத்துத் தைக்கிறார்கள். கவுனைத் தாங்குவது தோள் அல்ல, இடுப்பு. 1950களில் நைலான் வலைத்துணி மலிவாகக் கிடைக்கவே, சாதாரணக் குடும்பத்துப் பெண்களும் ப்ராமுக்கு அந்த மாதிரி கவுன் கேட்டார்கள். 1944ல் தொடங்கிய 'செவன்டீன்' போன்ற பத்திரிகைகள் பதின்வயதுப் பெண்களுக்கென்றே தனி நாகரிகத்தைக் காட்டின. அம்மா உடுத்துவதன் சிறிய அளவை மகள் உடுத்திய காலம் முடிந்தது.

உடனே எதிர்ப்பும் வந்தது. 1951 பிப்ரவரியில் யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் மார்மன் சபையின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஸ்பென்சர் கிம்பல் மாணவர்களிடம் பேசினார். ஊரார் உடுத்துவதையே நாமும் உடுத்த வேண்டியதில்லை, நமக்கென்று ஒரு பாணி இருக்கட்டும், தோள் இல்லாத கவுன் நமக்கு வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். கேட்ட பெண்கள் கவுனைத் தூக்கிப் போடவில்லை. ஊசி நூலை எடுத்தார்கள். கை வைத்துத் தைத்தார்கள், மேலே ஒரு குட்டிச் சட்டை சேர்த்தார்கள். இப்படி மாற்றுவதற்கு அவர் பெயரையே வைத்து 'கிம்பலைஸ்' செய்வது என்று ஒரு சொல்லும் அவர்களிடையே பிறந்தது.

1960களில் குட்டைப் பாவாடை மறுபடியும் வந்தது. பள்ளிகளில் பெண்களை முட்டி போடச் சொல்லி, பாவாடை விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று பார்த்தார்கள். தொடாவிட்டால் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1969ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களுக்கு ஆதரவாகப் புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. அதிலும் நீதிபதிகள் ஜாக்கிரதையாக, இந்த வழக்கு பாவாடை நீளத்தைப் பற்றியது அல்ல என்று எழுதி வைத்தார்கள். போரைப் பற்றிப் பேசலாம், பாவாடையை மட்டும் தொட மாட்டோம் என்பது போல!

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1970களில் யாரும் கேட்காமலே கழுத்து மூடிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஜெசிகா மெக்கிளின்டாக் நடத்திய 'கன்னி சாக்ஸ்' என்ற நிறுவனம் உயர்ந்த கழுத்து, முழுக்கை, லேஸ் வைத்த நீண்ட கவுன்களை விற்றது. கோணிச்சாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்து விளையாடிய பெயர் அது. கொள்ளுப்பாட்டி காலத்து உடை போல இருந்ததைப் பெண்கள் ஆசையாக வாங்கி ப்ராமுக்குப் போட்டுக்கொண்டார்கள். அம்மாக்கள் ஐம்பது வருடம் போராடி வாங்க முடியாததை நாகரிகமே கொண்டுவந்து கொடுத்தது. பிறகு அதுவே எடுத்துக்கொண்டும் போனது.

நம் காலத்துக்கு வருவோம். 2003ல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் சில முஸ்லிம் மாணவிகள் தங்களுக்கென்று பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் ப்ராம் நடத்தினார்கள். ஆண்களே இல்லாத அரங்கம். உள்ளே போனதும் முக்காட்டைக் கழற்றிவிட்டு, விரும்பிய கவுனில் ஆடினார்கள். 2014ல் வர்ஜினியாவின் ரிச்மண்டில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்காக நடந்த ப்ராமில் வேறு கதை. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனிக்குக் கீழே கவுன் இருக்க வேண்டும் என்பது விதி. 17 வயதுப் பெண் ஒருத்தி, என் கவுன் விதிப்படிதான் இருந்தது, நான் உயரம் என்பதால் கால் அதிகம் தெரிந்தது, மேல்மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தந்தைமார் குறை சொன்னதால் என்னை வெளியேற்றினார்கள் என்று எழுதினாள். 1921ல் கழுத்துக்கு 3 அங்குலம் கேட்ட அதே வர்ஜினியா.

இத்தனையும் படித்தபோது, அளவு மாறிக்கொண்டே இருக்கிறது, அளக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை என்று பட்டது. கணுக்கால், முழங்கால், கழுத்து, தோள் என்று எல்லை நகர்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் எல்லைதான் கடைசி எல்லை என்று நம்புகிறது. ஆனால் அந்தப் பெற்றோரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் கண்ணில் நான் பார்த்தது கோபம் அல்ல, பயம். தன் பெண்ணை யார் எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயம். அடுத்தவன் பார்வையை அவரால் சரிசெய்ய முடியாது. கையில் அகப்படுவது துணி ஒன்றுதான். அதனால் துணியைப் பிடித்துக்கொள்கிறார்.

இன்னொரு விஷயமும் என்னைத் தீர்ப்புச் சொல்ல விடவில்லை. இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

1983ல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி சீருடை. காலை வழிபாட்டில் தாவணி சரியாக இருக்கிறதா, பின் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாவணி ரொம்ப மெல்லிசு. ரவிக்கை அப்படியே தெரிந்தது. வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினேன். "நாளைக்கு வேற தாவணி போட்டுட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள வரணும்" என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் அவள் அம்மா வந்தார். கையில் அந்தத் தாவணி மடித்து வைத்திருந்தது. "இது மூத்தவ கட்டினது டீச்சர். அவ ரெண்டு வருஷம், இவ ஒரு வருஷம். துவைச்சுத் துவைச்சு நைஞ்சு போச்சு. வேற இல்ல" என்றார்.

நாகரிகத்துக்காக மெல்லிசுத் தாவணி போட்டு வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். என் சம்பளத்தில் இரண்டு தாவணி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பள்ளிக்கும் வந்தாள். ஆனால் அந்த வருடம் முடியும்வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பேர்ல் பக்ஸ்லி வழக்கைப் படித்துவிட்டு நான் நூலகத்தில் அடுத்த பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை நினைவுபடுத்தினார். நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. பேத்தியிடம், "அதைப் போட்டுட்டு வந்து ஒரு பாட்டுக்கு ஆடிக் காட்டு" என்றேன். ஆடினாள். இரண்டு நிமிடத்தில் ஐந்தாறு முறை கவுனை மேலே இழுத்து விட்டுக்கொண்டாள். கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தாளே தவிர, ஆடிப் பார்த்திருக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். "பாட்டி, நைட் பூரா இதைப் பிடிச்சுக்கிட்டே இருக்க முடியாது. பட்டை வச்சுத் தைக்க முடியுமா?" என்று அவளே கேட்டாள்.

அவள் கொஞ்சம் குள்ளம். கீழே எப்படியும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய துணியிலேயே இரண்டு தோள்பட்டை தைத்தேன். அகலம் மூன்று அங்குலம் வைக்கட்டுமா என்று கேட்டேன். "பாட்டி, ரொம்ப அகலம். ஒண்ணரை போதும்" என்றாள். ஒன்றரைதான் வைத்தேன். மாப்பிள்ளைக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அன்று மாலை அவர்தான் நிறையப் படம் எடுத்தார்.

கவுன் வழுக்காமல் நின்றிருந்து, அவள் பட்டை கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இன்றுவரை யோசிக்கிறேன், பதில் வரவில்லை. ஆனால் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தாமல், முதலில் அவளைக் கேட்டிருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

உங்கள் வீட்டில் தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறிய நாளில் என்ன நடந்தது? யார் வேண்டாம் என்றார்கள், யார் பரிந்து பேசினார்கள்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.