அப்துல் கதீர் சித்தீகி 'ஹஸ்ரத்'

ஹைதராபாத்தின் இறையியலாளர், சூஃபி, கவிஞர் (1871–1962). அறிஞர்கள் வட்டத்தில் 'பஹ்ருல் உலூம்', அதாவது கல்விக் கடல், என்ற பட்டத்தால் அறியப்பட்டவர். கவிதைக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஹஸ்ரத். அதே பெயரில் எழுதிய, 'இன்குலாப் ஜிந்தாபாத்' முழக்கத்துக்குப் பேர்போன ஹஸ்ரத் மோஹானி வேறு ஆள். இருவரும் ஒரே காலத்தவர்கள் என்பதால் ஒருவர் புகழில் மற்றவர் மறைந்துபோவது உண்டு. மறைந்தவர் பெரும்பாலும் ஹைதராபாத்காரர்தான்.

1871 அக்டோபரில் அவர் பிறந்தபோது ஆறாம் நிஜாம் மஹபூப் அலிகானுக்கு வயது ஐந்து. ஆட்சியை நடத்திக்கொண்டிருந்தவர் திவான் முதலாம் சாலார் ஜங். அரபு, பாரசீகக் கல்விக்காக அவர் 1850களில் தொடங்கிய தாருல் உலூம் பள்ளியில்தான் சித்தீகி படித்தார். அன்றைய ஹைதராபாத்தில் கல்வி இரு திசைகளில் இழுபட்டது. ஆங்கிலம் படிக்க விரும்பியவர்கள் நிஜாம் கல்லூரியில் சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றார்கள். தாருல் உலூம் மாணவர்களோ லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கீழைமொழித் தேர்வுகளை எழுதினார்கள். பிரிட்டிஷ் கால இந்தியாவின் மிகப் பெரிய சமஸ்தானங்களில் ஒன்று, ஆனால் பட்டம் கொடுக்கச் சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான். 1917இல் அவர் ஆணை பிறப்பிக்க, 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் உருவானது. பயிற்றுமொழி உருது, ஆங்கிலம் கட்டாய மொழிப்பாடம். பாடநூல்களை உருதுவில் ஆக்குவதற்கென்றே ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் அமைத்தார்கள். முஸ்லிம் மாணவர்களுக்கு இறையியலும் மற்றவர்களுக்கு ஒழுக்கவியலும் கட்டாயம். ஆகவே இறையியல் துறை பெயருக்கு இருந்த துறையல்ல. அதில் சித்தீகி பேராசிரியராகவும் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் குர்ஆனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பாரிஸில் பெயர் பெற்ற முகம்மது ஹமீதுல்லாஹ் இதே உஸ்மானியாவில் படித்தவர்.

சித்தீகியின் பெயரை இன்றும் நிலைநிறுத்துவது அவருடைய மொழிபெயர்ப்பு ஒன்று. ஸ்பெயினின் முர்சியாவில் 1165இல் பிறந்து, 1240இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபி, தம் கடைசிக் காலத்தில் எழுதிய அரபு நூல் 'ஃபுஸூஸுல் ஹிகம்'. மொத்தம் 27 இயல்கள். ஒவ்வொன்றும் ஒரு இறைத்தூதரின் பெயரால் அமைந்தது. உள்ளது ஒன்றே, மற்றவை அதன் வெளிப்பாடுகள் என்ற கருத்தின் ஊற்றாக இந்த நூலைச் சூஃபிகள் கொண்டாடினார்கள். படைத்தவனையும் படைப்பையும் கலந்துவிடுகிறது என்று உலமாக்களில் பலர் சாடினார்கள். நூற்றாண்டுகளாக ஓயாத இந்தச் சச்சரவுக்குள் சித்தீகி துணிந்து இறங்கினார். வெறும் மொழிபெயர்ப்பாக விடாமல் விளக்கமும் சேர்த்து உருதுவில் தந்தார். ஷரீஅத்தில் ஊறிய ஒரு பேராசிரியர் இதைச் செய்ததில்தான் அதன் கனம் இருக்கிறது: இப்னு அரபியை மார்க்கத்துக்கு வெளியே தள்ளவும் அவர் சம்மதிக்கவில்லை, மார்க்கத்தைத் தளர்த்தவும் சம்மதிக்கவில்லை. குர்ஆனுக்கு அவர் எழுதிய உருது விரிவுரை 'தஃப்சீரே சித்தீகி' என வழங்குகிறது.

கவிதையிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் உள்ளது ஒன்றே என்ற அந்தக் கருத்துதான். வகுப்பில் தர்க்கமாகச் சொன்னதைப் பாட்டில் காதலாகச் சொன்னார். தமிழருக்கு இந்த மரபு புதிதல்ல. தமிழ் சூஃபிக் கவிஞர்களான தக்கலை பீர் முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் நடந்த பாதைதான். சித்தீகி சார்ந்திருந்தது காதிரிய்யா தரீக்கா என்ற சூஃபி நெறி. அதன் தலைவர் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியையே மஸ்தான் சாகிபும் பாடிப் பரவினார். வேறுபாடு ஒன்று உண்டு. மஸ்தான் சாகிபு துறவியாய் அலைந்து பாடினார். சித்தீகியோ பாடவேளை பார்த்து வகுப்பெடுத்து, மாலையில் சீடர்களுக்குப் பீராக, அதாவது ஆன்மிகக் குருவாக, அமர்ந்தவர்.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்தது, சமஸ்தானம் முடிந்தது. அதன்பின் உஸ்மானியாவின் பயிற்றுமொழியும் உருதுவிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. இத்தனையையும் பார்த்துவிட்டு 1962 மார்ச் 24 அன்று, தொண்ணூறு வயதில், சித்தீகி காலமானார். அவருடைய அடக்கத்தலம் பழைய நகரின் பகதூர்புராவில், சித்தீக் குல்ஷன் என்ற இடத்தில் இருக்கிறது.