சிறுபாணாற்றுப்படையில் அடைத்த கடையும் அடையா வாயிலும்

இளைஞன் ஒருவன் உலகியல் கண்டு அறிவு முதிர்தலைக் கூறும் புதினங்களில், ஒரே பொருள் மீண்டும் மீண்டும் தோன்றி உணர்ச்சியை வளர்த்துச் செல்லும். செருமானியப் புலவர் கதேயின் ‘வில்லெம் மைசுடர்’ (1795–96) வழிவந்த புதினங்களை ஆராய்வோர் இக்குறியீடுகளைப் பெரிதும் போற்றுவர். இந்நோக்கினை நம் ஆற்றுப்படை நூல்களுக்கும் பொருத்திக் காண்டல் தகும். அவையும் வறியோன் ஒருவனை வழிநடத்திப் புதுவாழ்வில் நிறுத்துவன அல்லவோ?

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில் அவன் தலைநகர். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும் அறிஞர் கொள்வர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஓய்மானாடு என்னும் பெயர் வழங்குகின்றது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னர், இவ்வூர்களைத் தேடிக் காண்பதிலேயே பலரும் முனைந்தனர். அது வேண்டுவதே. ஆயினும் ஊர்ப்பெயர்களோடு அமையின், இந்நூல் வெறும் புகழ்ப்பாட்டாகவே நின்றுவிடும்.

பரிசில் பெற்று மீளும் பாணன் தன் பழைய வறுமையைக் கூறுமிடத்தை நோக்குக. அடுக்களையில் உணவு இல்லை. அண்மையில் ஈன்ற நாய் கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைப் பற்ற, அத்துன்பம் பொறாது அது குரைக்கின்றது. பழஞ்சுவரைக் கறையான் அரித்துள்ளது. புழுதியில் காளான் பூத்துள்ளது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கின்றாள். பின்னர், அறிவிலார் காண்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். அந்நிலையிலும் அவள் தனித்து உண்டிலள் என்பதை நாம் மறத்தலாகாது. பசியினும் நாணமே இங்குப் பெருந்துயர்.

இவ்வடைத்த கதவை உளத்திற் கொண்டு மேலே செல்வோமாயின், கிடங்கிலின் அரண்மனை வாயில் புதுப்பொருள் தருகின்றது. பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அது அடையாத வாயில். கிடங்கு என்பது அகழியைக் குறிக்கும் சொல். அகழியாற் பெயர் பெற்ற ஊரில் வாயில் அடைபடாதிருத்தல் நயமுடைத்து. புலவர் கருதியமைத்ததோ, இயல்பாய் அமைந்ததோ, யாரறிவார்!

உணவும் இவ்வாறே படிப்படியாக வளர்கின்றது. எயிற்பட்டினத்திற் சுட்ட குழல்மீன். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும். மூன்றிடத்தும் ஈவோர் எளிய குடிமக்கள் என்பது கருதத்தக்கது. முடிவில் நல்லியக்கோடன் தானே நின்று உண்பிக்கின்றான். அவையில் விண்மீன் நடுவண் மதிபோல் வீற்றிருப்போன், கோள்மீன் சூழ்ந்த இளஞாயிற்றை இகழும் பொற்கலத்தில் உணவு படைக்கின்றான். உப்பற்ற கீரை வெந்த இருண்ட அடுக்களைக்கு எதிரே இவ்வொளி நிற்கின்றது. முற்பகுதி இல்லையேல் இஃது அரசவை அணியாகவே முடிந்திருக்கும்.

நுகம் மற்றொரு குறியீடு. பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி எழுவரும் பூண்ட ஈகை நுகத்தை இவன் ஒருவனே தாங்கினான் என்பர் புலவர். இறுதியிற் பரிசிலாக வரும் தேரைக் குதிரையினும் விரைந்து இழுப்பன எருதுகள். உவமையாய்த் தொடங்கிய நுகம் மெய்ந்நுகமாய்ப் பாணன் கைக்கு வருகின்றது.

நல்லியக்கோடன் புனைவு மாந்தன் அல்லன். புறத்திணை நன்னாகனார் பாடிய புறநானூற்று 176ஆம் பாட்டும் அவனைக் குறிக்கின்றது. அங்கு ஓரையாடும் மகளிர் சேற்றைக் கிளைத்து ஆமை முட்டையும் ஆம்பற் கிழங்கும் பெறுகின்றனர். ஒரு பாட்டில் மண் தானே உணவு தருகின்றது. மற்றதில் அதே நாட்டை நோக்கிப் பசித்தவன் ஆற்றுப்படுத்தப்படுகின்றான்.