எம்.கே. நாராயணன்: ஆலோசகரை யார் கேள்வி கேட்பது?

இந்தியாவுக்கு இதுவரை 5 தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்கள். பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். தீட்சித், எம்.கே. நாராயணன், சிவசங்கர் மேனன், அஜித் தோவல். மூன்று பேர் வெளியுறவுத் துறை, இரண்டு பேர் போலீஸ். அந்த இரண்டு பேருமே உளவுத்துறையான ஐ.பி.யின் இயக்குநராக இருந்தவங்க. தோவலைப் பற்றி எக்கச்சக்கமா எழுதிட்டாங்க. அவருக்கு முன்னாடி அந்தப் பாதையைப் போட்டவர் நாராயணன். நம்ம ஊரில் அவர் பெயர் வந்தாலே பேச்சு 2009-க்குப் போய் அங்கேயே நின்றுவிடும். அதுக்கும் வருவோம். முதலில் ஆளைப் பார்ப்போம்.

ஒற்றப்பாலத்தில் 1934-இல் பிறந்தவர். படித்தது சென்னை லயோலா கல்லூரியில். 1955-இல் ஐ.பி.எஸ்., மெட்ராஸ் கேடர். ஆனால் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஐ.பி.யில்தான் கழிந்தது. ராஜீவ் காந்தி காலத்தில், 1987-இல், இயக்குநர் ஆனார். வி.பி. சிங் ஆட்சியில் நாற்காலி போச்சு, சந்திரசேகர் ஆட்சியில் திரும்பி வந்தது. 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டபோது ஐ.பி. இயக்குநர் இவர்தான். 1992-இல் ஓய்வு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஐ.பி. 1887-இல் தொடங்கிய அமைப்பு. அதற்கென்று பாராளுமன்றம் இயற்றிய சட்டம் இன்றைக்கும் கிடையாது. கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. தகவல் சேர்ப்பது, மேலே சொல்வது, அவ்வளவுதான் வேலை. தன் பெயர் வெளியே வராமல் காரியம் நடத்துவது அங்கே பழக்கம். வாழ்நாள் முழுக்க அப்படி வேலை பார்த்தவர், ஓய்வு பெற்று 12 வருஷம் கழித்து பிரதமர் அலுவலகத்துக்குள் வருகிறார்.

2004-இல் மன்மோகன் சிங் அரசு அமைந்தபோது வேலையைப் பிரித்தாங்க. வாஜ்பாய் காலத்தில் பிரஜேஷ் மிஸ்ரா ஒருத்தரே முதன்மைச் செயலாளர், அவரே பாதுகாப்பு ஆலோசகர். இப்போது அது மூன்றாச்சு: முதன்மைச் செயலாளர் தனி, பாதுகாப்பு ஆலோசகர் தீட்சித், உள்நாட்டுப் பாதுகாப்புக்குச் சிறப்பு ஆலோசகர் நாராயணன். 2005 ஜனவரி 3-ஆம் தேதி தீட்சித் திடீரென்று இறந்துபோக, உள்நாடு வெளிநாடு இரண்டும் நாராயணன் கைக்கு வந்தது. உளவுத்துறை மனுஷர் அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் பேசினார், சீனாவோடு எல்லைப் பேச்சு நடத்தினார்.

இவ்வளவு செல்வாக்குள்ள அந்தப் பதவிக்கு அடிப்படை என்னன்னு பார்த்தால், 1998-இல் போட்ட ஒரு அரசு ஆணை. சட்டம் இல்லை. ஆலோசகர் அமைச்சர் இல்லை, எழுந்து நின்று சபையில் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்க வேலை பாஷையில் சொன்னால், ரூட் அக்சஸ் இருக்கு, ஆன்-கால் பட்டியலில் பேர் இல்லை.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். 166 பேர் செத்தாங்க. நவம்பர் 30-ஆம் தேதி உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். நாராயணனும் விலக முன்வந்தார், பிரதமர் ஏற்கவில்லை. நியாயமா யோசித்தால் இதற்கு இரண்டு பக்கமும் உண்டு. ஐ.பி. காகிதத்தில் உள்துறைக்குக் கீழே, 'ரா' கேபினட் செயலகத்தில். ஆலோசகருக்கு நேரடியாக எந்தப் படையும் கிடையாது. அப்புறம் அவரை எப்படிப் பொறுப்பாக்குவது? சரி, ஆனால் எல்லா உளவுத் தகவலும் அவர் மேசையைத் தாண்டித்தானே பிரதமரிடம் போகுது! உள்துறைக்கு வந்த ப. சிதம்பரத்துக்கும் இதே சிக்கல் கண்ணில் பட்டிருக்கணும். உளவுத் தலைவர்களைத் தினமும் தன் அலுவலகத்துக்கு வரவழைத்துக் கூட்டம் போட்டார். 2009 டிசம்பரில் ஐ.பி. நூற்றாண்டுச் சொற்பொழிவில், உள்நாட்டுப் பாதுகாப்பை உள்துறையின் கீழ் திருத்தி அமைக்கும் திட்டத்தை வெளிப்படையாக முன்வைத்தார். அடுத்த மாதமே நாராயணன் மேற்கு வங்க ஆளுநர்.

இப்போது 2009. இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் கொழும்போடு பேசிய இந்தியத் தரப்பு மூன்று பேர்: நாராயணன், வெளியுறவுச் செயலாளர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். ஒருத்தர்கூட தேர்தலில் நின்றவர் இல்லை. ஏப்ரல் 24-ஆம் தேதி நாராயணனும் மேனனும் கொழும்பு போய் மகிந்த ராஜபக்சவைச் சந்தித்தாங்க. 27-ஆம் தேதி சென்னையில் கருணாநிதி உண்ணாவிரதம். கனரக ஆயுதங்களை இனி பயன்படுத்த மாட்டோம் என்று அன்றைக்கே கொழும்பு அறிவித்தது. மூன்று வாரத்தில் போர் முடிந்தது. தமிழ்நாட்டில் ஓட்டுப் போடுகிறவர் 2009-க்காகக் கருணாநிதியைக் கேட்கலாம், காங்கிரஸைக் கேட்கலாம். கேட்டாங்க, இன்னும் கேட்கிறாங்க. கொழும்பில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவரிடம் கணக்குக் கேட்க ஓட்டுச்சீட்டில் வழி இல்லை.

ஒரே ஒரு இடத்தில் அவரிடம் முறைப்படி கேள்வி வந்தது. அது வேறொரு விஷயம். வி.ஐ.பி. ஹெலிகாப்டர் பேரத்தில், பறக்க வேண்டிய உயரத்தை 6,000 மீட்டரிலிருந்து 4,500 மீட்டராகக் குறைத்தது பற்றிய வழக்கு. அது தொடர்பாக 2005-இல் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் இருந்ததால், 2014 ஜூனில் சி.பி.ஐ. அவரிடம் வாக்குமூலம் வாங்கியது. குற்றவாளியாக அல்ல, சாட்சியாக. அப்போது அவர் ஆளுநர். அந்த மாதக் கடைசியில் பதவி விலகினார். ஆட்சி மாறாமல் இருந்தால் அந்தக் கேள்வியும் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

நாராயணன் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கம் இல்லை. 50 வருஷம் அரசாங்கத்தின் உள்ளறையில் இருந்தவரின் சரி தப்பை எடைபோட நமக்கு ஆவணம் வேணும், அது பூட்டிக் கிடக்கு. ஆனால் பதவியை எடைபோட ஆவணம் தேவையில்லை. அமைச்சர் தோற்றால் வீட்டுக்குப் போறார், ஆலோசகர் ராஜ்பவனுக்குப் போறார். 2019-இல் தோவலுக்குக் கேபினட் அந்தஸ்தும் கொடுத்தாச்சு. ஆக, அமைச்சருக்குள்ள மரியாதை வந்துவிட்டது. அமைச்சருக்குள்ள பதில் சொல்லும் கடமை மட்டும் இன்னும் வந்தபாடில்லை.