முப்பது நாள் பேட்டரி

ஹெலினா ஏவுகணையைப் பற்றிப் பேசச் சொன்னால் என் நண்பன் ஒரு மணி நேரம் பேசுவான். ஹெலிகாப்டரிலிருந்து ஏவுவது, ஏழு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற டாங்கியைத் தன் அகச்சிவப்புக் கண்ணாலேயே பார்த்துப் போய் அடிப்பது, 2022 ஏப்ரலில் பொக்ரானிலும் லடாக்கிலும் சோதித்தது என எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒருமுறை அவனிடம் ஏஎன்-32 விமானத்தைப் பற்றிக் கேட்டேன். "அது லாரி மாதிரி மச்சான், அதுல என்ன இருக்கு?" என்றான்.

லாரி என்றதில் தப்பில்லை. கீவ் நகரத்து அன்டோனோவ் நிறுவனம் இந்தியாவை மனதில் வைத்தே வடிவமைத்த லாரி அது. வெயிலிலும் மலை உயரத்திலும் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பெரிய எஞ்சின்களைப் பொருத்தி, அவற்றை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். 1984 முதல் நம் விமானப்படையில் ஓடுகிறது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் நிவாரணப் பொட்டலங்களைப் போட்ட ஐந்து விமானங்களும் ஏஎன்-32தான். ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் போன பொருள்களை இலங்கைக் கடற்படை முந்தின நாள் திருப்பி அனுப்பியிருந்தது. அதனால் மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, இந்த லாரிகள் போயின. அன்றைக்குச் செய்தி இரண்டு நாடுகளையும் உலுக்கியது. மற்ற நாட்களில் இந்த விமானத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எங்காவது காணாமல் போனால்தான் பேச்சு வரும்.

எங்கள் கடலில் காணாமல் போனது வேறொரு விமானம். அதைச் சொல்லிவிட்டு ஏஎன்-32க்கு வருகிறேன்.

2015 ஜூன் 8. நான் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று, சிஜி-791, மூன்று பேரோடு சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கே கண்காணிப்புக்குப் போனது. இரவு பத்து மணி வாக்கில் திரும்ப வேண்டியது. ஒன்பது மணிக்குப் பிறகு பேச்சில்லை. 9.23க்கு, காரைக்கால் பக்கம் கடலுக்கு மேலே இருந்தபோது, திருச்சி ரேடார் கடைசியாகப் பார்த்தது. அடுத்த நாள் காலை டீக்கடையில் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெர்மன் உரிமத்தில் கான்பூரில் எச்ஏஎல் கட்டுகிற சின்ன விமானம் அது. சேவைக்கு வந்து அதிக காலம்கூட ஆகவில்லை.

வீடு கடலூர் முதுநகர். வார இறுதியில் போனபோது சோனாங்குப்பத்தில் அப்பாவின் சிநேகிதரைப் பார்த்தேன். வயசானவர், தொழிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். "ஏன் பெரியப்பா, இவ்வளவு கப்பல் தேடுதே, ஒரு துண்டுகூடவா கிடைக்காது?" என்று கேட்டேன். அவர் சொன்னது: "நீவாடு எங்க இழுக்குதோ அங்க போயிருக்கும், தம்பி. கீழ போனதுன்னா அதுவும் கஷ்டம். நம்ம பக்கம் கொஞ்ச தூரம் ஓடினாலே தரை கையை விட்டுப் போயிரும்."

இது கதை இல்லை, கடலடி வரைபடத்தில் இருப்பதுதான். பாக் நீரிணை மாதிரி எங்கள் கடல் தட்டையாகப் போவதில்லை. கண்டத்திட்டு இங்கே குறுகல். கடலூர், புதுச்சேரிக்கு எதிரே அதன் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு கடலடிப் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள், ஒரு பாகம் ஆறடி. வலை போடுகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஓட்டினால் நூற்றுக்கணக்கான பாகம்.

டோர்னியரில் ஒரு சின்னக் கருவி இருந்தது. தண்ணீர் பட்டதும் தானே உயிர் பெற்று ஒலி எழுப்பும் பீக்கன். இந்த வகைக் கருவிகள் வழக்கமாக 37.5 கிலோஹெர்ட்ஸில், நொடிக்கு ஒருமுறை துடிக்கும். மனிதக் காதுக்குக் கேட்காது, சோனாருக்குக் கேட்கும். அதுவும் சில கிலோமீட்டருக்குள் இருந்தால்தான். பேட்டரி ஏறத்தாழ முப்பது நாள். அதற்குப் பிறகு கடல் எப்போதும்போல் ஆகிவிடும்.

கடற்படையின் சந்தாயக் ஆய்வுக் கப்பலுக்கு ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. எங்கிருந்து என்று பிடிக்க முடியவில்லை. வெப்பம் மாறுகிற நீரடுக்குகளில் ஒலி வளையும், பள்ளத்தாக்கின் சுவரில் பட்டு எதிரொலிக்கும். கடைசியில் சிந்துத்வஜ் நீர்மூழ்கியை இறக்கினார்கள். அது ஒலி வந்த இடத்தை நெருக்கிக் கொடுத்தது. எண்ணெய் வயல் வேலைக்கு வந்திருந்த ரிலையன்ஸின் ஒலிம்பிக் கேன்யன் கப்பல் தன் இயந்திரத்தைக் கீழே அனுப்பியது. ஜூலை 10, காணாமல் போன 33ஆம் நாள், தகவல் பதிவுக் கருவி கிடைத்தது. கடலூருக்குத் தென்கிழக்கே 16.5 நாட்டிகல் மைல், ஆழம் சுமார் 950 மீட்டர். அதாவது கரையிலிருந்து 30 கிலோமீட்டர், 520 பாகம். கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் போகிற தூரம்கூட இல்லை. அடுத்த சில நாட்களில் எலும்புகளும் கிடைத்தன. மூன்று வீடுகளுக்கும் ஒரு பதில் போனது.

ஓராண்டு கழித்து, 2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து காலை 8.30க்கு ஒரு ஏஎன்-32, எண் கே2743, போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. விமானப்படைக்காரர்கள் இதைக் கூரியர் என்பார்கள். ஆளையும் சாமானையும் ஏற்றிப்போகிற வழக்கமான ஓட்டம். உள்ளே 29 பேர். ஆறு பேர் விமானக் குழு. மற்றவர்கள் முப்படையையும் கடலோரக் காவல்படையையும் சேர்ந்தவர்கள், அவர்களோடு விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவில் ஊழியர்கள் எட்டுப் பேர். வேலையாகப் போனவர்கள். 9.12க்கு, சென்னைக்குக் கிழக்கே 151 நாட்டிகல் மைலில், 23,000 அடியில் இருந்த விமானம் இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்து ரேடாரிலிருந்து மறைந்தது.

அதில் நீருக்கடியில் ஒலிக்கும் பீக்கன் இல்லை. இருந்தவை வானொலி அலை பரப்பும் அவசரக் கருவிகள். வானொலி அலை உப்புத் தண்ணீரைத் தாண்டி வெகுதூரம் வராது. நியாயமாகப் பார்த்தால், பீக்கன் இருந்திருந்தாலும் சுலபம் இல்லை. அந்த இடத்தில் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். மேலே போகிற கப்பலுக்கு ஒலி அரைகுறையாகத்தான் எட்டும். 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல் பீக்கன்கள் இருந்தும், உடைந்த பாகங்களைக் கடலடியில் கண்டுபிடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. அந்த விபத்துக்கும் மலேசிய விமானம் எம்எச்370 மறைந்ததற்கும் பிறகுதான் பயணிகள் விமானங்களுக்கு 90 நாள் பேட்டரி என்று விதி மாறியது. ஆனால் முப்பது நாள் அரைகுறையாகக் கேட்பதும் ஒரு நொடிகூடக் கேட்காததும் ஒன்றா? சிந்துத்வஜ் மாதிரி ஒரு நீர்மூழ்கிக்கு அங்கே பின்தொடர எதுவுமே இருக்கவில்லை. ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டாங்கியைக் கண்டுபிடிக்க ஏவுகணைக்கு ஒரு கண் வைக்கிற நாட்டில், 29 பேர் ஏறுகிற விமானத்தில் கையடக்கமான உருளை ஒன்று இல்லை. லாரி என்று நினைத்ததன் விலை இது என்றுதான் எனக்குப் படுகிறது.

செப்டம்பர் 15 அன்று, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குத் தெரிவித்தார்கள். இந்தக் 'கருதப்படுதல்' எங்கள் கரையில் பழக்கமான விஷயம். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவின்படி, ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. படகோடு போனவர் திரும்பாத வீடுகளில் இந்த ஏழு வருஷத்தை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். உடல் வராமல் எதைக் கருமாதி என்று செய்வது, தாலியை என்ன செய்வது என்று தெரியாமல் நாள் போகும். விமானத்தில் போனவர்கள் விஷயத்தில் அரசு ஏழு வருஷம் காக்க வைக்கவில்லை. கடிதம் இரண்டு மாதத்திலேயே வந்தது. ஆனால் கடல் எதையும் தரவில்லை.

தந்தபோது ஏழரை வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்திடம் ஆளில்லாமல் தானாக ஓடும் நீர்மூழ்கி வாகனம் ஒன்று வந்திருந்தது. ஆறாயிரம் மீட்டர் வரை இறங்கக்கூடியது, கடலடிக் கனிமங்களைத் தேடுவதற்காக வாங்கியது. அதைக் கே2743 கடைசியாக இருந்த இடத்தில் இறக்கினார்கள். 3,400 மீட்டரில், அதாவது 1,860 பாகத்தில், உடைந்த துண்டுகள் படத்தில் தெரிந்தன. 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. படங்கள் ஏஎன்-32ஓடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவில்லை, ஆகவே இது அதுவாக இருக்கலாம் என்றது அறிக்கை.

'இருக்கலாம்' என்ற சொல்லோடு நிறுத்தியிருந்தார்கள். நண்பனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். இருட்டில் வெளிறிய மண், அதில் சிதறிய தகடுகள். ரொம்ப நேரம் கழித்து, "இதுக்கு முன்னாடி வேற ஏதாவது ஏஎன்-32 கடல்ல போயிருக்கா?" என்று கேட்டான்.

போயிருக்கிறது. 1986 மார்ச் 25, புத்தம் புதிய விமானம். வாங்கிய இடத்திலிருந்து மஸ்கட் வழியாக ஜாம்நகருக்கு ஓட்டி வந்துகொண்டிருந்தார்கள், உள்ளே ஏழு பேர். அரபிக் கடலுக்கு மேலே தொடர்பு அறுந்தது. அதில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.