மேடேறக் கற்ற சைக்கிள்

மின்சார சைக்கிள் நேற்று வந்த பொருள் அல்ல. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்றே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார், சட்டத்தில் தொங்கும் பேட்டரி. இதுதான் அவருடைய வண்டி. கியர் கிடையாது. இவ்வகை வண்டி சமதரையில் நன்றாக ஓடும். செங்குத்தான மேட்டில் சக்கரம் மெதுவாகும்போது மோட்டாரும் மெதுவாகும். மின்சாரத்தை அதிகம் இழுத்துச் சூடாகும்.

சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின், 1993-ல், ஜப்பானின் யமஹா நிறுவனம் 'பாஸ்' என்ற சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் மோட்டார் பெடல் அருகே இருந்தது. ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பதை சென்சார் அளக்கும். அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும். மிதித்தால்தான் ஓடும் என்பதால் சட்டம் அதை சைக்கிளாகவே ஏற்றது. லைசென்ஸ் தேவைப்படவில்லை.

ஆனால் மோட்டாரின் உதவி மனித உழைப்புக்குச் சமமாக மட்டுமே இருக்கலாம் என்பது விதி. மேட்டுக்கு அது போதவில்லை. 2008 டிசம்பரில் விதி தளர்ந்தது. மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் இரு மடங்கு உதவி அனுமதிக்கப்பட்டது. குழந்தையை உட்கார வைத்து மேடேறும் தாய்மார்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மேட்டுப்பகுதியில் வேலைக்குப் போய்வர முதன்முதலாக வாங்குபவருக்கு இந்த வரலாறே நல்ல வழிகாட்டி. பெடல் அருகே மோட்டார் உள்ள வண்டியில் கியரின் பலன் மோட்டாருக்கும் கிடைக்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் மேட்டில் இறங்கித் தள்ள வேண்டிய வண்டி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டக் கணக்கே.