டேட்டாபேஸ் புத்தகம் வாங்குமுன் கொஞ்சம் வரலாறு

சித்தப்பாவின் பேண்டேஜ் துணி வியாபாரக் கணக்கை அக்சஸில் ஏற்றித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கோ அக்சஸ் தெரியாது! ராஜபாளையத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் 60 ரூபாய்க்குத் தடித்த புத்தகம் கிடைத்தது. அக்சஸ் 2003க்கானது. அதிலுள்ள மெனு எதுவும் என் திரையில் இல்லை. 2007 பதிப்பிலேயே மெனு போய் ரிப்பன் வந்துவிட்டதாம்.

அப்புறம்தான் பழைய கதையைத் தேடினேன். 1980களில் டிபேஸ் ராஜ்யம். அதன் நிறுவனமான ஆஷ்டன்-டேட்டை 1991ல் போர்லண்ட் வாங்கியது. 1992ல் மைக்ரோசாஃப்ட், ஃபாக்ஸ்புரோவின் நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு அக்சஸையும் வெளியிட்டது. 2004ல் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9தான் கடைசி. 2015ல் அதற்கான ஆதரவும் நின்றது. ஒவ்வொரு தடவையும் எத்தனை புத்தகங்கள் எடைக்குப் போயிருக்கும்!

போகாதது ஒன்றுதான். 1970ல் எட்கர் காட் எழுதிய கட்டுரையின் கருத்து: தகவலை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஓர் எண்ணை வைத்து இணைப்பது. நமக்குப் புதிதா என்ன? குறிப்பேட்டில் 'பே.ப.எ.' என்று பேரேட்டுப் பக்க எண் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் இருக்கும் பென்னிங்டன் நூலகத்தில் உட்கார்ந்து அதே 60 ரூபாய் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். மெனு பக்கங்களை விட்டுவிட்டு, டேபிள், பிரைமரி கீ, ரிலேஷன்ஷிப் பாடங்களை மட்டும் படித்தேன். அத்தனையும் இன்றைக்கும் பொருந்துகிறது. பார்ட்டிக்கு ஒரு டேபிள், பில்லுக்கு ஒரு டேபிள். சித்தப்பா கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

ஆகவே அட்டையிலுள்ள பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டேபிளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.